பெட்டி குளிர்ந்த வியாழக்கிழமைகள்

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு காலத்தில் வியாழக்கிழமை தொலைக்காட்சி கிடையாது என்றால், "ஏன், அன்னைக்கு மட்டும் கரண்ட் இருக்காதா?" என்று கேட்கிறார்கள். கரண்ட் நன்றாகவே இருந்தது. எங்கள் ஊருக்கு வந்தது ஒரே ஒரு சேனல், அதுவும் அரசாங்கத்துடையது. வியாழக்கிழமை அதற்கு விடுமுறை, அவ்வளவுதான். வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்றார்கள் சிலர். ஐஸ்லாந்து ஜனங்கள் வாரத்தில் ஒரு நாளாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும் என்று மேலிடத்தில் நினைத்தார்கள் என்றார்கள் வேறு சிலர்.

எப்படியோ, அந்த ஒரு நாளை ஊரே பங்குபோட்டுக்கொண்டது. தேவாலயத்துப் பாட்டுக் குழுவுக்கு வியாழன். சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு வியாழன். கம்பளி பின்னும் பெண்களுக்கு, சீட்டாடுகிறவர்களுக்கு, படகுச் சங்கத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறவர்களுக்கு, எல்லோருக்கும் வியாழன். மாலை ஏழு மணிக்குத் தெருவில் இறங்கினால் வீட்டுக்கு வீடு கதவு திறந்து மூடும். இருட்டில் யார் என்று தெரியாமலேயே வணக்கம் சொல்லிக்கொண்டு போவோம். எந்த வீட்டுக்குள்ளே நுழைந்தாலும் காபி இருக்கும்.

அந்த வியாழக்கிழமை என்றாலே முகம் சுளித்த ஒரே ஆள் சோல்வி.

சோல்வி எங்கள் மீன் ஆலையில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். ஆள் பெரிசு, பேச்சு சிறிசு. அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை வரவேண்டுமென்றால் முந்தின ராத்திரி தொலைக்காட்சியில் என்ன வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. ஊரில் முதல் கலர் பெட்டி வாங்கியவன் அவன்தான். வேலை விட்டு வந்து, கை கழுவி, ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டு எதிரே உட்கார்ந்தானென்றால் ஒளிபரப்பு முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வருகிற வரைக்கும் ஆணி அடித்தாற்போல் இருப்பான். எங்கோ ஒரு நாட்டில் தக்காளி பயிரிடுவதைக் காட்டினாலும் பார்ப்பான். கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற காற்றைப் பெட்டியில் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காத்து இருக்குமாம்" என்று மனைவியிடம் சொல்வான்.

மனைவி ஸ்வாவா தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். நல்ல குரல். தேவாலயத்தில் அவள் பாடினால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். இவர்களுக்கு வெகுகாலம் கழித்து, சோல்விக்கு நாற்பத்தொரு வயதாகும்போது, ஒரு பெண் குழந்தை பிறந்தது. டாக்னி என்று பெயர் வைத்தார்கள். செய்தி வந்த அன்று ஆலையில் காபி நேரத்தில் தோர்ஃபி எழுந்து நின்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான். தோர்ஃபி அங்கே மெக்கானிக், சோல்விக்கு அடுத்த வீட்டுக்காரன், வாயை மூடவே தெரியாதவன்.

"எந்தக் கிழமைன்னு நான் சொல்லட்டுமாடா? வியாழக்கிழமை! மத்த நாள்ல உனக்கு ஏதுடா நேரம்?"

கூடமே வெடித்துச் சிரித்தது. சோல்வி காது சிவக்கக் காபியைக் குடித்தான்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் ஸ்வாவா மறுபடி பாட்டுக் குழுவுக்குக் கிளம்பினாள். "ஒம்போது மணிக்கு வந்துடுவேன். பால் இருக்கு, பொண்ணு இருக்கு, நீ இருக்க."

"நான் என்ன பண்றது அதுகூட?"

"அதையும் டிவியில வந்து சொல்லித்தரணுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

குழந்தை வீறிட்டது. தூக்கினான், நிற்கவில்லை. பால் கொடுத்தான், துப்பியது. வழி தெரியாமல் கம்பளியில் சுருட்டித் தள்ளுவண்டியில் போட்டு, துறைமுகம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அங்கே ஒரு படகின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை சட்டென்று நின்றது. அவ்வளவு நிம்மதியை அவன் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. அடுத்த வியாழனும் போனான். அதற்கடுத்த வியாழனும்.

இரண்டு வருடத்தில் அது வழக்கமே ஆகிவிட்டது. டாக்னி நடக்கத் தொடங்கியபின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். படகு படகாக நின்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வான், அவள் திருப்பிச் சொல்வாள். எது புது இன்ஜின், எது போன வருஷம் பாறையில் மோதியது, எந்தக் கப்பல் தலைவனுக்குக் கோழி என்றால் பயம் என்று சொல்லிக்கொண்டே போவான். ஊரில் ஒருவரிடமும் பேசாதவன் முழங்கால் உயரத்துப் பெண்ணிடம் வாய் ஓயாமல் பேசினான். ஆலையின் ஐஸ் கிடங்கிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவள் கையுறையில் வைப்பான். அதை நக்கிக்கொண்டே வீடு திரும்புவாள். பாட்டு முடிந்து வருகிற பெண்கள் இருவரையும் பார்த்து நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

இதில் டாக்னி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் நேரே போய்ப் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அந்தக் காலத்துப் பெட்டிகள் அடுப்பு மாதிரிச் சூடாகும், அணைத்தாலும் வெகுநேரம் ஆறாது. கை வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் ஓடிப்போய் ரப்பர் பூட்ஸை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பாள். பெட்டி குளிர்ந்திருந்தால் அப்பா அவளுக்கு. மற்ற ஆறு நாளும் பெட்டி வெளிச்சமாக இருக்கும். அப்போது அவன் நாற்காலிப் பக்கமே வரமாட்டாள், சமையலறை மேசைக்கு அடியில் மரக்கரண்டியை வைத்துக்கொண்டு தானாக விளையாடுவாள். தொந்தரவே இல்லாத குழந்தை என்று சோல்விக்கு உள்ளுக்குள் பெருமை.

எண்பத்தேழாம் வருஷம் இனி வியாழக்கிழமையும் ஒளிபரப்பு உண்டு என்று அறிவித்தார்கள். பாட்டுக் குழுத் தலைவி, "போச்சு, இனிமே நானும் சுவருந்தான் பாடணும்" என்றாள். சோல்விக்கோ தலைகால் புரியவில்லை. அக்டோபர் முதல் தேதி, முதல் வியாழன், தோர்ஃபியைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டான். காயவைத்த மீன், வெண்ணெய், நிஜ பீருக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் பீர் என்று சொல்லி விற்ற அந்த வெளிறிய பானம், எல்லாம் தயாராக இருந்தன. ஸ்வாவா கோட்டை மாட்டிக்கொண்டு பாடப் போனாள். தெருவில் அவள் காலடியைத் தவிர வேறு சத்தமில்லை. வீட்டுக்கு வீடு ஜன்னலில் நீல வெளிச்சம்.

ஏழு மணிக்கு டாக்னி வந்தாள். கையில் பூட்ஸ். பெட்டி எரிவதைப் பார்த்து அறை வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் போய், எடுத்த இடத்திலேயே பூட்ஸை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். சோல்வி இதைப் பார்க்கவில்லை. பார்த்தவன் தோர்ஃபி.

"டேய், உம் பொண்ண நல்லாத்தான் வளர்த்திருக்க. எங்க வீட்டுல இருக்கறது இந்நேரம் கூரையப் பிச்சிருக்கும். இது பூட்ஸக் கொண்டாந்துச்சு, உன்னப் பார்த்துச்சு, திரும்பக் கொண்டுபோய் வச்சுட்டுது. சத்தம் இல்ல, அழுகை இல்ல!"

"அவ அப்படித்தான்" என்றான் சோல்வி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

ஒன்பது மணிக்கு ஸ்வாவா வந்தாள். குழந்தையைத் தேடினாள். மேசைக்கு அடியில் தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. பனி உடுப்பைத் தானாகவே மாட்டியிருந்தது, இரண்டு காலும் ஒரே கால் குழாய்க்குள். ஜிப் பாதி வரைக்கும் ஏறி நின்றிருந்தது. ஸ்வாவா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று சோல்வி பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள்.

"பாரு. உனக்காக இவளே உடுத்திக்கிட்டா."

சுருக்கென்று தைத்தது. தோர்ஃபி சொன்னது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. அழாமல் திரும்பிப் போயிருக்கிறாள். இரண்டரை வயதுப் பிள்ளை அழாமல் திரும்பிப் போகிறதென்றால் அது நல்ல பழக்கமா? கேட்டுப் பிரயோசனமில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிய வைத்தது யார்? மறுநாள் ஆலையில் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய் மீன் பெட்டி அடுக்கில் மோதினான். இருபது வருடத்தில் முதல் தடவை.

அடுத்த வியாழன் ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டியை அணைத்தான். "வாடி தங்கம், போலாம்."

டாக்னி வந்து பெட்டியின்மேல் கை வைத்தாள். "சூடு" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

"அணைச்சுட்டேன்டி, பாரு, இருட்டா இருக்கு!"

"சூடு."

தூக்கிக்கொண்டு போனான். துறைமுகத்தில் ஒரு படகின் பெயரையும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பி வீட்டுப் பக்கமே பார்த்தாள். "பெட்டி?" என்று கேட்டாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு மணிக்கு ஒரு தொடர் இருந்தது, அதற்குள் திரும்பிவிடலாம் என்று அவன் நிஜமாகவே கணக்குப் போட்டிருந்தான். அந்தப் பொடிசுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

அன்று தீர்மானித்தான். வியாழக்கிழமை பெட்டியைத் தொடவே கூடாது. காலையிலிருந்தே குளிர்ந்து கிடக்கட்டும். பிறகு திங்களையும் சேர்த்தான். நவம்பர் முடிவதற்குள் சனி, ஞாயிறு தவிர மற்ற எல்லா நாளும் பெட்டியின்மேல் ஒரு மேசை விரிப்பைப் போட்டு மூடிவிட்டான்.

கேட்க நன்றாக இருக்கிறது. பட்டவனுக்குத்தான் தெரியும். முதல் வாரம் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எட்டு மணிக்கு உடம்பு தானாக நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்வாவா பின்னிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஆலையில் அதைவிட மோசம். காபி நேரத்தில் எல்லோரும் முந்தின நாள் தொடரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று அலசுவார்கள். அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

"என்னடா, பாதிரியாரா ஆயிட்டியா?" என்பான் தோர்ஃபி. "அந்தக் கொலைகாரன் யாருன்னு சொல்லட்டுமா? காதுல மட்டும் வாங்கிக்க, கண்ணால பார்க்காத. பாவம் ஒட்டாது!"

"உன் இன்ஜின் எண்ணெய் ஒழுகுது, அதப் பாரு" என்பான் சோல்வி.

குழந்தையோடு என்ன விளையாடுவது என்று அவனுக்குத் தெரியாது. கதை தெரியாது, பாட்டு வராது. தெரிந்தது ஒன்றுதான். ஒரு நாள் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். "நான்தான் ஃபோர்க்லிஃப்ட். எங்க கொண்டு போகணும்?" என்றான். டாக்னி சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவன் கைகளில் வைத்தாள். தூக்கினான், நகர்ந்தான், பின்னால் போகும்போது "பீப், பீப்" என்றான், கட்டிலில் இறக்கினான். அவள் அடுத்த தலையணையைக் கொண்டுவந்தாள். அப்புறம் காலணிகள், உருளைக்கிழங்கு, ஸ்வாவாவின் கம்பளி உருண்டைகள். கடைசியில் அவளே ஏறி உட்கார்ந்தாள். வீட்டுச் சாமான் முழுவதும் இடம் மாறியது. ஸ்வாவா பாத்திரத்தைத் தேடினால் குளியலறையில் கிடைக்கும்.

அந்தக் குளிர்காலத்தை ஸ்வாவா இன்றைக்கும் சொல்லுவாள். மலைக்குப் பின்னால் போன சூரியன் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வீட்டுக்குள் விளக்கு, வெளியே பனி, தரையில் அவர்கள் இருவரும். அவன் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, ஆலையில் நொண்டுவான். அவ்வளவு சந்தோஷமான நொண்டியை நான் பார்த்ததே இல்லை என்பாள்.

ஆனாலும் ஒரு முள் உள்ளேயே இருந்தது. சனி ஞாயிறில் பெட்டியைப் போட்டானென்றால், போட்ட நொடியே டாக்னி எழுந்து மேசைக்கு அடியில் போய்விடுவாள். விளையாட்டுப் பாதியில் இருந்தாலும் சரி. கூப்பிட்டால் வரமாட்டாள். அழவும் மாட்டாள். முன்பு பெருமையாக இருந்தது இப்போது குத்தியது.

ஜனவரிக் கடைசியில் சூரியன் மலை உச்சியில் முகம் காட்டிய நாள், வழக்கம்போல ஊரெல்லாம் பான்கேக் சுட்டுக் காபி குடித்தது. அன்று அவன் மனைவியிடம் மனம் விட்டுச் சொன்னான். "பெட்டி அணைஞ்சிருந்தாத்தான் நான் அவளுக்கு அப்பா, ஸ்வாவா. எரிஞ்சா நான் யாரோ. பேசாம அதத் தூக்கிக் கடல்ல போட்டுடட்டுமா?"

"கடல்ல போட்டா, பெட்டி இல்லாததால வர்றான்னு நினைப்பா. அது வேண்டாம்." ஸ்வாவா அவன் தட்டில் இன்னொரு பான்கேக்கை வைத்தாள். "ரெண்டு வருஷமா நீ சொல்லிக் குடுத்த பாடம், சோல்வி. மூணு மாசத்துல மறக்குமா? பொறு."

"மறக்கவே இல்லேன்னா?"

ஸ்வாவா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டென்மார்க்கோடு ஹேண்ட்பால் ஆட்டம். எத்தனையோ தலைமுறை எங்களை ஆண்டவர்கள். அவர்களைத் தாயத்தில் ஜெயித்தாலும் எங்களுக்குத் திருவிழாதான், இது எங்கள் நாட்டுக்கே உயிரான ஹேண்ட்பால் வேறு. நல்ல பெட்டி சோல்வி வீட்டில் இருந்ததால் தோர்ஃபியும் ஆலை ஆட்கள் மூன்று பேரும் அங்கேதான் கூடினார்கள். சோல்வி மேசை விரிப்பை எடுத்துப் பெட்டியைப் போட்டான். டாக்னி வழக்கம்போல எழுந்து போனாள். அவன் அவள் போவதைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான்.

என்ன ஆட்டம் அது! ஒரு கோல் அவர்கள், ஒரு கோல் நாங்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. மீன் தட்டு தரையில் கவிழ்ந்தது, யாரும் குனியவில்லை. கடைசி நிமிடம், இருபக்கமும் சமம், பந்து எங்கள் ஆள் கையில்.

மேசைக்கு அடியிலிருந்து டாக்னி வெளியே வந்தாள். மரக்கரண்டியைத் தரையில் போட்டாள். ஆட்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து, நேரே வந்து, பெட்டிக்கு முன்னால் நின்றாள். திரையின் வெளிச்சம் அவள் தலைமுடியைச் சுற்றி எரிந்தது.

"அப்பா! எந்திரி!"

"ஏய்! நகரு! நகரு!" நான்கு ஆண்கள் ஒரே குரலில் அலறினார்கள். அவள் உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துத் திரையை இன்னும் மறைத்துக்கொண்டு, காலைத் தரையில் உதைத்தாள்.

"அப்பா! எந்திரி! வா!"

தோர்ஃபி பாய்ந்து அவளை இடுப்போடு தூக்கப் போனான். சோல்வி அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"தொடாத."

"ஒரு நிமிஷம்டா! ஒரே ஒரு நிமிஷம்! டென்மார்க்டா!"

பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தெரு முழுக்க ஒரே சமயத்தில் கூச்சல் எழுந்தது. யாரோ கோல் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை. தோர்ஃபி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அவன் அதை மன்னிக்கவில்லை. சோல்வி பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தப் பெரிய உடம்பு எழுந்து நின்றது, கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. சமையலறை வாசலில் நின்ற ஸ்வாவாவைக் கண்ணால் தேடிப் பிடித்து, குரல் உடைந்துபோய்ச் சொன்னான்:

"கேட்டியா? பெட்டி ஓடிக்கிட்டு இருக்கு, ஸ்வாவா. ஓடும்போதே என்னைக் கூப்பிடுறா."